மாலை மறைத்த பெயர்

“ஆன்ட்டி, செத்துப்போனவங்க மறுபடி வேலைக்கு வருவாங்களா?”

ஒரு குழந்தை என்னிடம் இப்படிக் கேட்டாள். ரக்‌ஷனா என்று பெயர், ஆறு வயது இருக்கும். மாமனாரின் படத்துக்குப் பிரேம் போட வந்த ஒரு பெண்ணின் மகள். குழந்தைகள் எதையாவது கேட்கத்தான் செய்வார்கள். அதற்காகவே மேசையில் ஒரு டப்பா கல்கண்டு வைத்திருப்பேன். ஒரு துண்டு எடுத்து அவள் கையில் கொடுத்தேன். வாயில் போட்டுக்கொண்டாள். பேச்சு அத்துடன் நின்றது.

வக்கீல் சிவானி அவர்களே, உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்ததும் அந்தக் கேள்விதான் முதலில் நினைவுக்கு வந்தது. தமிழிலேயே எழுதலாம் என்று போனில் சொன்னீர்கள், நன்றி. அந்தப் படம் எனக்கு எப்படிக் கிடைத்தது, யாரிடம் அனுமதி பெற்றேன், படத்தில் இருப்பவர் இறந்துவிட்டார் என்று முதலில் சொன்னது யார் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்வியில்தான் உங்கள் கட்சிக்காரர் ஞானசேகரன் ஐயாவின் நல்ல பெயர் இருக்கிறது என்பது எனக்குப் புரிகிறது. எல்லாவற்றையும் உள்ளபடி எழுதுகிறேன். பொய் சொல்வது என் வழக்கமில்லை.

என் பெயர் பஞ்சவர்ணம். தேக்காவில், டன்லப் சாலைக்குப் பக்கத்துச் சந்தில் என் கணவர் தொடங்கிய கடையை நடத்துகிறேன். இறந்தவர்களின் படத்தைப் பெரிதாக்கி, பிரேம் போட்டு, சந்தனச் சீவல் மாலை சாத்தி, அடியில் சின்னச் சிவப்பு விளக்கு பொருத்திக் கொடுப்போம். கடைக்கு வருகிறவர்கள் அழுதுகொண்டே வருவார்கள். நான் அவசரப்படுத்த மாட்டேன். முதலில் தேநீர். பிறகுதான் அளவு, நிறம் எல்லாம். மனிதர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் சின்னச் சின்ன நல்லதுதான் இந்த உலகத்தைத் தாங்குகிறது என்று நம்புகிறவள் நான். இப்போதும் நம்புகிறேன்.

கிருமித்தொற்றுக் காலத்தில் கடைக்கு வருவது குறைந்துபோனது. சமூக மன்றத்தில் மூத்தவர்களுக்கு இணையத்தளம் அமைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஷபானா என்ற ஆசிரியை, பொறுமைசாலி. முதல் நாளே அவர் சொன்னது, இணையத்தில் கிடக்கும் படங்களை எடுத்துப் போடாதீர்கள் என்பதுதான். எடுத்தவருக்குத்தான் உரிமை, கேட்டு வாங்குங்கள் என்றார். நான் கையைத் தூக்கி, “சாமி படத்துக்கும் கேக்கணுமா, டீச்சர்?” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். “சாமிகிட்ட இல்ல ஆன்ட்டி, வரைஞ்சவர்கிட்ட கேக்கணும் லா,” என்றார். ஆகவே, எனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்ல மாட்டேன்.

தளம் தயாரானது. வெறும் பிரேமைக் காட்டினால் யாருக்கும் பிடிபடவில்லை. உள்ளே ஒரு முகம் இருந்தால்தான் தங்கள் வீட்டுச் சுவரில் அதைப் பொருத்திப் பார்க்க முடியும். வாடிக்கையாளர்களின் படத்தைப் போடலாமா என்று கேட்பது அவர்கள் துக்கத்தைக் கிளறுவது. என் கணவரின் படம் இருந்தது. ஆனால் அவரை விற்பனைக்கு வைக்க எனக்கு மனம் வரவில்லை. யாருக்கும் சொந்தமில்லாத ஒரு முகம் வேண்டும் என்று நினைத்தேன்.

ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் கண்ணில் பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் நம் வட்டாரத்துக்கு வரும் வெளிநாட்டு ஊழியர்களை ஒருவர் படம் எடுத்துப் போட்டுவந்தார். அவர்தான் ஞானசேகரன் ஐயா. முப்பது வருடம் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர் என்பது பிறகுதான் தெரியும். அதில் ஒரு படம். புல்தரையில் உட்கார்ந்து ஒருவர் கையிலிருக்கும் போனைப் பார்த்துச் சிரிக்கிறார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். அப்படியொரு சிரிப்பை நான் எந்தப் பிரேமுக்குள்ளும் பார்த்ததில்லை. இறந்தவர் இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தால் வீட்டில் இருப்பவர்களுக்கு எவ்வளவு ஆறுதல் என்று தோன்றியது.

எடுத்துக்கொண்டேன். போனையும் கையையும் வெட்டினேன். நெற்றியில் பொட்டு வைத்தேன். கீழ் மூலையில் ஞானசேகரன் என்று சிறிய எழுத்தில் இருந்தது. மாலையைச் சாத்தியபோது அது சரியாக அந்த இடத்தில் விழுந்தது. நான் வேண்டுமென்றே இழுத்து வைக்கவில்லை. விழுந்த இடத்தில் விட்டுவிட்டேன், அவ்வளவுதான்.

உயிரோடு இருப்பவர் படத்துக்கு நாம் மாலை போடுவதில்லை. அது ஆயுளைக் குறைக்கும் என்பார்கள். எனக்கும் உறுத்தியது. அதனால் ஒவ்வொரு மாதமும் காத்தோங் விநாயகர் கோயிலில் அவருக்காக ஓர் அர்ச்சனை செய்துவந்தேன். பெயர் தெரியாதபோது, “சிரிக்கிறவர்” என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்வேன். முன்பின் தெரியாத ஒருவருக்காக இப்படிச் செய்கிறவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரியவில்லை.

ஒரு வருடத்துக்கு மேல் நன்றாகவே போனது. தொலைபேசியிலேயே கேட்டார்கள், “அந்தச் சிரிக்கிற அண்ணன் மாதிரியே போட்டுக் குடுங்க.” அப்போதுதான் ரக்‌ஷனா வந்தாள். அம்மா மாலை பார்த்துக்கொண்டிருக்க, அவள் என் கணினித் திரையைப் பார்த்தாள். நான் முதலில் எழுதிய கேள்வியைக் கேட்டாள். ஏன் கண்ணு அப்படிக் கேட்கிறாய் என்றதற்கு, “இந்த அங்கிள் எங்க புளோக் கீழே கூட்டுவாரு. இன்னிக்கு மார்னிங் எனக்கு பை சொன்னாரு,” என்றாள். அம்மா, சும்மா இரு என்று அதட்டினார். நான்தான், விடுங்கம்மா, குழந்தைதானே என்றேன். ரசீது போட வீட்டு முகவரி கேட்டேன். புக்கிட் பாத்தோக்கில் ஓர் அடுக்குமாடி.

அடுத்த வாரம் ஒரு காலையில் போனேன். அவரேதான். கீழ்த்தளத்தில் கல் மேசைகளுக்கு நடுவே கூட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துடைப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு, “அக்கா, அங்க ஈரமா இருக்கு, இந்தப் பக்கமா வாங்க,” என்றார். பெயர் கேட்டேன், பரமசிவம் என்றார். ஊர் திருத்துறைப்பூண்டிக்குப் பக்கம். தாயார் மட்டும் இருக்கிறார்கள், சரஸ்வதி என்று பெயர். இவருக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. ஞாயிறு தவறாமல் அம்மாவிடம் பேசிவிடுவாராம். “முகத்தப் பாக்கலன்னா அது சாப்பிடாதுக்கா.”

சொல்லிவிடத்தான் போனேன். ஆனால் அவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவரிடம் போய், உங்களுக்கு மாலை போட்டு வைத்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? அவர் மனம் கஷ்டப்படும். பையில் இருந்த பிரசாத வடையைக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த மாதத்திலிருந்து அர்ச்சனையைப் பெயர் சொல்லியே செய்தேன்.

இனி உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். ஞானசேகரன் ஐயா எனக்கு மின்னஞ்சல் அனுப்பினார். நல்ல கடிதம். பணம் எதுவும் வேண்டாம் என்று எழுதியிருந்தார். படத்தைப் போடுமுன் கேட்டிருக்கலாம், பெயரையாவது மறைக்காமல் இருந்திருக்கலாம் என்றார். அதைவிட முக்கியமாக, அந்தத் தம்பி உயிரோடு இருக்கிறவர் என்று நினைக்கிறேன், ஏன் மாலை போட்டிருக்கிறீர்கள், தயவுசெய்து எடுத்துவிடுங்கள் என்றார்.

அன்றே எடுத்திருக்கலாம்தான். ஆனால் சித்திரையில் நிறைய வேலை கையில் இருந்தது, எல்லாம் அந்த முகத்தைப் பார்த்து வந்தவை. எடுத்தால் செய்தது தப்பு என்று ஒப்புக்கொண்டதாகவும் ஆகும். கோயில் கமிட்டியில் என்னை அறிந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாள் யோசித்துப் பதில் எழுதினேன். அவர் என் தம்பி முறை, பெயர் பரமசிவம், சில நாள்களுக்கு முன்னால் மாரடைப்பில் போய்விட்டார், குடும்பத்தார் விருப்பப்படிதான் படத்தைப் போட்டிருக்கிறோம் என்று எழுதினேன். பெயரையாவது சரியாக எழுதுவோமே என்றுதான் எழுதினேன்.

ஐயா உடனே பதில் அனுப்பினார். தான் அப்படிக் கேட்டதற்காக மன்னிப்புக் கேட்டார். படத்தை எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், என் பெயர் வேண்டாம் என்றார். வெட்டாத முழுப் படத்தையும் இணைத்திருந்தார், குடும்பத்துக்குக் கொடுங்கள் என்று. அவருடைய பெருந்தன்மை என்னைக் கலங்கவைத்தது. துக்கம் விசாரிக்கிறவரிடம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவர் அத்துடன் நின்றிருக்கலாம். ஞாயிறு மாலை தன் பக்கத்தில் அந்தப் படத்தை மறுபடி போட்டு, இந்தச் சிரிப்பு இனி இல்லை, தம்பி பரமசிவம் காலமானார் என்று எழுதினார். அன்பினால் எழுதியதுதான். மாலை போட்ட படம் இருக்கும் என் தளத்தின் முகவரியையும் கீழே போட்டிருந்தார். பலர் அதைப் பகிர்ந்தார்கள்.

மறுநாள் திங்கள். காலை பத்தரை மணிக்குக் கடைத் தொலைபேசி அடித்தது. ஊரிலிருந்து ரகுபதி என்று ஒருவர், பரமசிவத்தின் சித்தப்பா மகன்.

“அக்கா, எங்க பரமசிவம் படம் ஒங்க கடையில மாலையோட இருக்கு. நெசமாக்கா? போன ஞாயித்துக்கெழமையும் போன் வரல, நேத்தும் வரல. போன் பண்ணா போவல. பெரியம்மா வாசல்ல விழுந்து கெடக்கு. பச்சத்தண்ணி எறங்கல. ஆமா, இல்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்கக்கா, போதும்.”

போன் ஏன் போகவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. கீழே விழுந்து உடைந்ததைத் தேக்காவில் பழுதுபார்க்கக் கொடுத்திருந்தார், இன்று நாளை என்று இழுத்திருக்கிறார்கள். கூட இருப்பவர்கள் எண் எதுவும் ஊரில் இல்லை. ஆக, அந்த நேரத்தில் அவர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான். புக்கிட் பாத்தோக்குக்கு டாக்ஸியில் அரை மணி. போகக்கூட வேண்டாம். உயிரோடு இருக்கிறார் என்று சொன்னால் போதும்.

நான் யோசித்தேன். அப்படிச் சொன்னால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். மாலை எப்படி வந்தது என்று கேட்பார்கள். அது ஞானசேகரன் ஐயாவிடம் போகும், அந்தப் பெரியவர் என்னைப் பற்றி என்ன நினைப்பார்? வேலை முடிந்து எப்படியும் பரமசிவம் அம்மாவைக் கூப்பிடத்தான் போகிறார். நல்ல செய்தியைப் பிள்ளை வாயாலேயே கேட்பதுதான் தாய்க்குச் சந்தோஷம். நடுவில் நான் எதற்கு?

“விசாரிச்சுச் சொல்றேன் தம்பி,” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பிறகும் அடித்தது. ஏழு முறை. ஒவ்வொரு முறையும் கூடவே எண்ணிக்கொண்டேன், அதனால் உறுதியாகச் சொல்ல முடியும். கடைக்கு வரும் அழைப்பு என் கைப்பேசியிலும் அடிக்கும்; ஐந்தாவது முறை அடித்தபோது நான் காளியம்மன் கோயிலில் உச்சிக்கால பூஜைக்கு நின்றுகொண்டிருந்தேன். கைப்பேசியை ஒலியில்லாமல் வைத்தேன், கோயிலில் அப்படித்தான் வைக்க வேண்டும். அந்த அம்மாவின் பெயருக்கு ஒரு நெய்விளக்கு ஏற்றினேன். உண்மையான பக்தியோடு ஏற்றினேன்.

ஏழாவது அழைப்பு நான்கு மணிக்கு. அதற்கப்புறம் அடிக்கவில்லை. விஷயம் தெளிந்துவிட்டது போலும் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. தேநீர் போட்டுக் குடித்தேன்.

பரமசிவம் ஏழரை மணிக்கு, கூட வேலை செய்பவரின் போனை வாங்கிப் பேசியிருக்கிறார். ரகுபதி எடுத்திருக்கிறார். திரையில் இவர் முகத்தைப் பார்த்ததும் அங்கே கூடியிருந்தவர்கள் அலறியிருக்கிறார்கள். சரஸ்வதியம்மாள் இறந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

அன்று மாலையே தளத்திலிருந்து படத்தை நீக்கிவிட்டேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குப் போய்க் காரியம் முடித்து அவர் திரும்பினார். மூன்றாவது ஞாயிறு கடைக்கு வந்தார், மொட்டைத் தலையோடு. நான் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நாற்காலி போட்டேன், தேநீர் கொடுத்தேன். கோபம் எதுவும் இல்லை அவரிடம். “அக்கா, என் படம் இங்க மாலையோட இருந்துச்சாமே. எப்படிக்கா வந்துச்சு?” என்று மட்டும் கேட்டார்.

படம் எடுத்தவர் அனுப்பினார் என்றேன். நீங்கள் இறந்துவிட்டதாக அவர்தான் சொன்னார், உயிரோடு இருப்பது தெரிந்ததும் எடுத்துவிட்டேன் என்றேன். அவருடைய பக்கத்தில் அப்படித்தானே எழுதியிருந்தது, தேதியோடு? நான் அதைத்தான் எடுத்துக் காட்டினேன். அவர் நெடுநேரம் அதைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இந்தப் படம் எடுத்த அன்னிக்கு நான் அம்மாகிட்டதான்க்கா பேசிக்கிட்டிருந்தேன். எனக்குப் பொண்ணு பாத்திருக்கறதா சொல்லுச்சு. அதுக்குத்தான் சிரிச்சேன்,” என்றார்.

அம்மாவின் படத்தைப் பெரிதாக்கித் தர வேண்டும் என்றார். அவரே போன தடவை ஊரில் எடுத்தது. அடுப்படியில் நின்று திரும்பிப் பார்க்கும் முகம். என் கைப்பேசிக்கு அனுப்பினார். நல்ல தேக்குப் பிரேம், உண்மையான மைசூர் சந்தனச் சீவல் மாலை. ஒரு காசு வாங்கவில்லை. அவர் எவ்வளவோ வற்புறுத்தினார். “நீயும் எனக்குத் தம்பிதான்” என்றேன். குனிந்து என் காலைத் தொட வந்தார். நான் தடுத்துவிட்டேன்.

ஞானசேகரன் ஐயாவைத் தேடிப் போய் அவர் கேட்டதும், ஐயா என் பெயரைச் சொன்னதும், பரமசிவம் அதை நம்பாததும் உங்களுக்குத் தெரியும். ஐயா இப்போது கேமராவோடு வருவதில்லை என்று கேள்விப்பட்டேன். புல்தரையில் இருக்கும் ஊழியர்கள் அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்களாம். பாவமாக இருக்கிறது. அவர் நல்லவர். ஆகவே எழுதித் தருகிறேன்: அவர் பக்கத்திலிருந்து படத்தை எடுத்துக்கொண்டது நான், அனுமதி கேட்கவில்லை, உயிரோடு இருப்பவரை இறந்தவர் என்று முதலில் சொன்னது நான். ஒரு வார்த்தை கேட்டு ஒரு தாய்க்காக ஏழு முறை அழைத்தும் எடுக்காதது நான். இதைக் கேட்டிருந்தால் யாரிடமும் சொல்லியிருப்பேன். முதலில் கேட்டவர் நீங்கள்தான்.

இந்தக் கடிதத்தை ஐயாவிடம் காட்டுங்கள், அவர் மன்னிப்பார். பரமசிவத்திடம் வேண்டாம். அவருக்கு இந்த ஊரில் நம்பிக்கையான ஆள் என்று நான் ஒருத்திதான் இருக்கிறேன். அதையும் பறிப்பது நியாயமில்லை.

தளத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அவர் படம் இப்போது அங்கே இல்லை. வெறும் பிரேமை வைத்தால் மறுபடி யாரும் கேட்பதில்லை, அதனால் சரஸ்வதியம்மாள் படத்தைப் போட்டிருக்கிறேன். அவர்கள் உண்மையாகவே இறந்தவர்கள், இதில் யாரும் குறை சொல்ல முடியாது. பரமசிவத்திடம் கேட்டிருந்தால் மறுக்காமல் தந்திருப்பார், அதனால் கேட்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்து நிறையப் பேர் வருகிறார்கள்.

கடைசியாக ஒன்று. சில வாரங்களாக, ஞாயிறு காலை நான் கடை திறக்க வரும்போது முன்னால் இருக்கும் ஐந்தடி நடைபாதை கூட்டித் துடைத்திருக்கிறது. பக்கத்துக் கடைகளின் முன்னால் சனிக்கிழமைக் குப்பை அப்படியே கிடக்கும். என் வாசலில் மட்டும் ஒரு தூசு இருக்காது. ஓரத்தில் ஈரம் காயாத இடத்தில், யாரும் வழுக்கிவிடக் கூடாதென்று ஓர் அட்டைப் பெட்டி விரித்திருக்கும். செய்கிறவரை நான் பார்த்ததில்லை. பார்க்கக் கூடாதென்று சற்றுத் தாமதமாகவே வருகிறேன். ஒரு பிரேமை இலவசமாகக் கொடுத்ததற்கு இவ்வளவு நன்றி. சின்ன நல்லது ஒருபோதும் வீணாவதில்லை என்று நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தச் சுத்தமான தரையில் வெறுங்காலோடு நின்று, அவர் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் கடையைத் திறக்கிறேன்.